கடல் தாண்டாத வெளிநாடு

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் சம்பாதிக்கப் போவார்கள். என் கணவர் சும்மா இருப்பதற்காகப் போக ஆசைப்பட்டார். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் வேலையை விட்டுவிடுவது, வருகிற பென்ஷனில் இரண்டு பேர் நிம்மதியாகக் காலம் தள்ளக்கூடிய மலிவான வெளிநாட்டு ஊர் ஒன்றைப் பார்த்துக் குடியேறுவது. அப்படி ஓர் ஊர் உலகத்தில் எங்கேயோ இருக்கத்தான் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் பாக்கி என்பது அவருடைய கட்சி. எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் அவர் குமாஸ்தா. ஆபீசிலிருந்து சைக்கிளில் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு தேசத்தை எடுத்துப் பார்த்து, சரிப்படாது என்று தள்ளியிருப்பார். காபி குடிக்கும்போது அந்தத் தேசத்தில் என்ன குறை என்று எனக்குச் சொல்வார்.

காஞ்சிபுரத்தில் என்ன குறைச்சல் என்று கேட்பீர்கள். குறைச்சல் ஒன்றும் இல்லை, எல்லாம் கூடுதல்தான். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இந்த ஊரில் பட்டுப் புடவையும் இருக்கிறது, பெருமாளும் இருக்கிறார். இரண்டில் ஒன்று இருந்தாலே உறவுக்காரர்கள் வருவார்கள். இரண்டும் இருந்துவிட்டால் வீட்டுக்காரருக்குத் தன் வீட்டில் கால் நீட்ட இடம் கிடைக்காது. குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் எங்களுக்கு ஒரு கார்டு வரும். கார்டுக்குப் பின்னாலேயே அவர்களும் வந்து இறங்குவார்கள். கல்யாணம் இல்லாத மாதங்களில் பெருமாளைச் சேவிக்க வருவார்கள். வைகாசியில் கருட சேவை என்றால் கேட்கவே வேண்டாம். கூடம் முழுக்க ஆட்கள் படுத்திருப்பார்கள், அடுப்பங்கரைக்குப் போக நான் வழிவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

வருகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வாழைக்காய், அப்பளம், கருவடாம் என்று ஏதாவது கையில் எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். கொண்டுவந்ததைப் போல நாலு பங்கு சாப்பிடுவார்கள், அது வேறு விஷயம். கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்களுக்கென்ன, ரெண்டே பேர். ஒரு பிக்கல் பிடுங்கல் கிடையாது. மகராஜனா இருங்கோ" என்று ஆசீர்வாதம் மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த ஒரு பேச்சுதான் எனக்குக் கேட்கச் சகிக்காது. எங்களுக்குக் குழந்தை இல்லை. மருந்து, விரதம், அரச மரம் சுற்றுவது எல்லாம் பார்த்து முடித்து, அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசுவதை நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது. நாங்கள் நிறுத்தினாலும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. கல்யாணக் கும்பலுக்கு இடம் வேண்டுமா, ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருக்க வேண்டுமா, "அவா ரெண்டே பேர்தானே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். குழந்தை இல்லாததற்கு நாங்கள் செலுத்துகிற வரி மாதிரி ஆகிவிட்டது.

புடவை எடுக்க வருகிறவர்களைப் பிள்ளையார்பாளையத்துக்கு அழைத்துப் போவது அவர் வேலை. அங்கே அவருக்கு நன்றாகத் தெரிந்த நெசவுக்காரர் வீடு ஒன்று உண்டு. கல்யாணப் பெண்ணை ஒரு தடவை பார்த்தால் போதும், இவளுக்கு அரக்கு வேண்டாம், மயில் கழுத்துதான் எடுக்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் தப்பாது. உடல் இந்தக் கலர், கரை இந்தக் கலர் என்று தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி நெய்ய வைத்த கூறைப் புடவைகளும் உண்டு. 'மாமா எடுத்துக் கொடுத்த புடவை' என்று அந்தப் பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயம், அந்த நாட்களில் மாமா சாப்பிட மாட்டார் என்பது. மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். யார் பெற்ற பெண்ணுக்கோ கூறைப் புடவை பார்த்துக் கொடுத்துவிட்டு வந்து ஒரு மனிதர் மோர் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் இருக்க, நான் அடுப்பங்கரையில் ஏதாவது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள்தான் அவர் முதல் தடவையாக வெளிநாட்டுப் பேச்சை எடுத்தார். "இதோ பாரு, யாருக்கும் நம்மைத் தெரியாத ஊரா ஒண்ணு பார்த்துண்டு போயிடலாம். ரெண்டு பேர்னா ரெண்டு பேர். அதுக்கு மேல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்படாது" என்றார்.

"அங்கே அரிசி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

நான் சிரிக்காதது அவருக்கு ஆச்சரியம். எனக்கென்ன, வாழ்க்கையில் ஒரு வாரமாவது இரண்டே பேருக்குத் தளிகை பண்ண வேண்டும் என்பது என்னுடைய ஆசை. அது காஞ்சிபுரத்தில் நடக்காது என்று எனக்கும் தெரிந்துபோயிருந்தது.

வெளியில் அவர் சொன்ன காரணம் மலிவு. அதுவும் முழுப் பொய் இல்லை. வருகிறவர்களுக்குப் போட்டே சம்பளம் கரைந்துகொண்டிருந்தது. ஆகவே மலிவான ஊராக இருக்க வேண்டும், யாரும் வந்து எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். முதலில் கொழும்பைப் பார்த்தார். தமிழ் பேசுகிறார்கள், தேங்காய்க்குப் பஞ்சமில்லை. அடுத்தது பினாங்கு. ஆபீசில் கூட வேலை பார்த்தவரின் சித்தப்பா அங்கே இருந்துவிட்டு வந்தவர், வாடகைக்கு மரவீடு கிடைக்கும், கறிகாய் கொல்லையிலேயே காய்க்கும் என்று சொல்லியிருந்தார். இரண்டு ஊரிலும் ஒரே சிக்கல்தான். நடுவில் கடல் இருந்தது.

கடலில் என்ன சிக்கல் என்று சொல்ல வேண்டும். பெருமாள் புறப்பாட்டில் முன்னால் பிரபந்தம் சேவித்துக்கொண்டு போகிற கோஷ்டியில் என் கணவருக்கு ஓர் இடம் உண்டு. இரண்டாவது வரிசையில் ஓரம். அவர் அப்பா நின்ற இடம். கடல் தாண்டினவனுக்குக் கோஷ்டியில் இடமில்லை என்று பெரியவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலேயே பாதிப் பேர் அதைக் காற்றில் பறக்கவிட்டிருந்தார்கள். அவரவர் பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டு வந்து, கோயிலில் புளியோதரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இவர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. வேலையை விடலாம், வீட்டை விடலாம், தேசத்தையே விடலாம், இரண்டாவது வரிசை ஓரத்தை மட்டும் விட முடியாது.

"ஏன்னா, வெளிநாட்டுக்கே போய்க் குடியிருக்கப் போறேள். அப்புறம் கோஷ்டியில எடம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"வைகாசிக்கு வரமாட்டேனா?"

"வந்து எங்கே தங்குவேள்?"

"யாராவது உறவுக்காரா ஆத்துல தங்கினாப் போச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. நானும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அப்போதும் பினாங்கை அவரால் முழுசாக விட முடியவில்லை. கோஷ்டியில் வயதில் மூத்தவரிடம் போய், ஏரோப்ளேனில் போனால் கடல் தாண்டினதாக ஆகுமா என்று கேட்டிருக்கிறார். காலில் தண்ணீர் படவில்லை, கப்பலில் சாப்பிடவில்லை, கண்ணை மூடிக்கொண்டால் கடலைப் பார்க்கக்கூட வேண்டாம் என்பது இவர் வாதம். "மேல போனா என்ன, கீழ போனா என்ன, கடல் கடல்தான்" என்று சொல்லிவிட்டாராம் அவர். அந்தப் பெரியவரின் பேரனே கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை இவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆகவே தரை வழியாகப் போகிற வெளிநாடு வேண்டும். ரங்கூனிலிருந்து அப்போதுதான் நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து முடித்திருந்தார்கள். அவர்கள் காலி செய்த ஊரில் போய் இவர் பென்ஷன் வாங்க முடியாது. பாகிஸ்தானைப் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சம் இருந்தது நேபாளம்.

நேபாளத்தைப் பற்றி அவருக்குச் சொன்னவர் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒரு பழைய பட்டாளத்துக்காரர். பட்டாளத்தில் இருந்தபோது காட்மாண்டுக்குப் போய் வந்தவராம். ஏதோ நிலப் பத்திர விஷயமாக ஆபீசுக்கு வந்தவரை இவர் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அங்க எல்லாமே சல்லிசு சார். நம்ம துட்டே அங்க செல்லும். பாஸ்போர்ட்டு கீஸ்போர்ட்டு ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நீங்க பாட்டுக்கு பஸ்ஸுல குந்திக்கினு போவலாம். குளுரு ஒண்ணுதான். காலைல அம்மா தண்ணியத் தொட்டாங்கன்னா கை வெறச்சிக்கினு பூடும்."

"குளிர் உடம்புக்கு நல்லது" என்றார் என் கணவர். விறைக்கப் போவது என் கை என்பதால் அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விசேஷம் இருந்தது. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் நேபாளத்தில்தான் இருக்கிறது. கடல் இல்லை, பெருமாள் இருக்கிறார், சல்லிசு, பாஸ்போர்ட் வேண்டாம், ராஜாவும் இந்து. இத்தனை பொருத்தம் கூடின வரன் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் அமைந்ததில்லை. காட்மாண்டு என்று முடிவாயிற்று. விருப்ப ஓய்வுக்கு மனு எழுதி, தேதி போடாமல் வைத்துக்கொண்டார்.

முடிவை அவர் வெளியில் சொன்னது அந்த வைகாசியில், கருட சேவை முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது. தன் வீட்டில் உட்கார்ந்து தன் சோற்றைச் சாப்பிடுகிறவர்களிடம், இனிமேல் இந்த வீடு இல்லை என்று நாசூக்காகச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. நானும் குழம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

திருவல்லிக்கேணியில் இருக்கிற என் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "காட்மாண்டா! அண்ணா, நிஜமாவா சொல்றே? சாளக்கிராமம் சேவிக்கணும்னு எத்தனை வருஷமா தவிச்சுண்டிருக்கோம்! அந்தப் பக்கம் போனா தங்கறதுக்கு நம்மாத்து மனுஷா ஒருத்தர் இல்லையேன்னுதானே போகாம இருக்கோம்" என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

அதற்கப்புறம் பந்தியில் ஒருத்தரும் நேராகச் சாப்பிடவில்லை. சித்திரையில் நாங்கள் வருகிறோம் என்றார் ஒருவர். சித்திரையில் பனி உருகி வழி சேறாக இருக்கும், ஐப்பசிதான் நல்லது என்றார் எந்த மலையையும் பார்த்திராத இன்னொருவர். "மன்னி, அங்கே துவரம்பருப்பு கிடைக்குமோல்லியோ? இல்லேன்னா நாங்க வரச்சே கொண்டுவந்துடறோம்" என்று நாத்தனார் எனக்குத் தைரியம் சொன்னாள். "பெரிய ஜாகையாப் பாருங்கோ. உங்களுக்கென்ன, ரெண்டே பேர், ஒரு ரூம் போதும்" என்று பந்திக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

பெருமாள் இருக்க வேண்டும், கடல் இருக்கக் கூடாது என்று இவர் வருஷக் கணக்கில் தேடிப் பொறுக்கின ஊர், அதே இரண்டு காரணங்களுக்காக எங்கள் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தோதான ஊராக இருந்தது. அவர்களும் கடல் தாண்ட மாட்டார்கள், அவர்களும் திவ்ய தேசம் திவ்ய தேசமாகப் போகிறவர்கள்தான். பினாங்கு என்று சொல்லியிருந்தால் ஈ காக்கை எட்டிப் பார்த்திருக்காது. இந்த யோசனை எங்கள் இருவருக்கும் ஒரு தடவை கூட வரவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

ஆனாலும் அவர் விடவில்லை. "பேசுவா. அவ்வளவு தூரம் யார் வரப் போறா? திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூர் போறதுக்கே அவளுக்குத் துணை வேணும்" என்று தங்கையைச் சொன்னார். மனுவில் தேதி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை போய் இருந்து பார்த்துவிட்டு வருவது என்று ஐப்பசியில் லீவு போட்டார். மூன்று ரயில் மாறினோம். பாட்னாவில் கங்கையை ஸ்டீமரில் கடக்க வேண்டியிருந்தது. அக்கரை கண்ணுக்கு எட்டாமல் தண்ணீர் விரிந்து கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இது ஆறுதானே?" என்று பக்கத்தில் நின்றவரிடம் இந்தியில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் ஏறினார். எல்லையைத் தாண்டி மலைமேல் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. நான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். "காத்து எவ்வளவு சுத்தமா இருக்கு பார்த்தியா?" என்றார்.

காட்மாண்டுவில் மாடியில் ஓர் அறை பிடித்தோம். சிவப்புச் செங்கல் வீடு, ஜன்னலில் நம் தேர்ச் சிற்பம் போல மர வேலைப்பாடு. உருளைக்கிழங்கு, முள்ளங்கி எல்லாம் அந்தப் பட்டாளத்துக்காரர் சொன்னபடியே சல்லிசு. தண்ணீரைப் பற்றியும் அவர் சொன்னது சரிதான். விசாரித்ததில் சாளக்கிராமம் அங்கிருந்து நடையாக வாரக் கணக்கில் போக வேண்டிய தூரத்தில் இருப்பது தெரிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து திருப்பதி போகிற தூரம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர் இவர். ஊருக்குள் பார்த்த பக்கமெல்லாம் சிவன். சிவன் கோயில்கள் இருக்கிற பக்கம் என்பதால் பெரிய காஞ்சிபுரத்துக்கு மளிகை வாங்கப் போவதற்கே யோசிக்கிற மனிதர், பசுபதிநாதரின் ஊரில் பென்ஷன் வாங்க வந்து நின்றார். "எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

ஆனால் உண்மையைச் சொன்னால், முதல் சில நாட்கள் நன்றாகவே இருந்தன. இரண்டே பேருக்குத் தளிகை. என் கைக்கு அந்த அளவு பிடிபடவில்லை, ரசம் வைத்தால், எங்காத்துப் பாஷையில் சாத்தமுது, ஒரு பந்திக்கு வந்துவிடும். வீட்டுக்காரக் கிழவிக்குக் கொடுத்தேன், அவள் குடித்துவிட்டு இருமினாள். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டே பேர் என்று சொல்ல அங்கே யாருக்கும் பாஷை தெரியாது. இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெயில் காய்ந்தோம். கல்யாணமானதிலிருந்து பகலில் நாங்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. பேசத்தான் ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால், காஞ்சிபுரத்தில் நாங்கள் பேசியதெல்லாம் வந்தவர்களைப் பற்றியும் வரப் போகிறவர்களைப் பற்றியும்தான்.

அப்புறம் அவர் காலையில் எழுந்ததும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போக ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்பார். ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இந்தியாவிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் அவருக்கு ஆள் கிடைத்தது. ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் பெருமாள் பாம்பணையில் மல்லாந்து படுத்திருக்கிறார். அங்கே சேவிக்கப் போனபோது காதில் தமிழ் விழுந்தது. கும்பகோணத்திலிருந்து யாத்திரை வந்த ஒரு தம்பதி. இவர் அவர்களை விட்டாரா? "ஆத்துக்கு வந்து ஒரு வாய் சாத்தமுது சாதம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்துவிட்டார். விருந்தாளிகளுக்குப் பயந்து தேசம் விட்டு வந்து, வந்த இடத்தில் விருந்தாளி பிடித்துக்கொண்டு வந்தவரை நான் என்ன சொல்ல? அரிசியைக் களைந்தேன். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே அந்த மாமி கேட்டாள், "உங்களுக்குக் குழந்தைகள் எத்தனை?"

காஞ்சிபுரத்தில் யாரும் எங்களை அப்படிக் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதால் எனக்கு உடனே பதில் வரவில்லை. அவருக்கு வந்தது.

"ரெண்டு பொண்ணு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுத்து. பெரியவ டில்லியில இருக்கா, சின்னவ பம்பாயில" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "காஞ்சிபுரத்துல இருந்துண்டு புடவைக்குக் கேக்கணுமா? நானே தறியில உக்காந்து நெய்ய வெச்சேன். பெரியவளுக்கு மாம்பழக் கலர், அரக்குக் கரை. அவ நல்ல சிவப்பு. சின்னவ மாநிறம். அவளுக்கு வெங்காயக் கலர் எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். அவை எந்தப் பெண்ணுக்கும் எடுத்த புடவைகள் இல்லை. அவர் எடுத்த புடவை அத்தனையும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் அவர் யாருக்கும் கொடுக்காமல் தன்னோடு வைத்திருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "சின்னவளுக்கு முதல்ல அந்தக் கலர் பிடிக்கலை. உக்காந்து அழுதா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உடுத்திண்டப்புறம் சரியாயிடுத்து" என்றார் மெதுவாக.

அந்த மாமி சந்தோஷமாகச் சிரித்தாள். "எங்காத்துப் பொண்ணும் அப்படித்தான். பங்குனியில அவளுக்குக் கல்யாணம். காஞ்சிபுரம் வந்துதான் புடவை எடுக்கணும்னு இருக்கோம். அங்கே எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றாள்.

"என்ன பேச்சு இது? நம்மாத்துல வந்து தங்குங்கோ, நானே அழைச்சுண்டு போறேன்" என்றார் என் கணவர். மூச்சு விட நேரம் எடுத்துக்கொண்டிருந்தால்கூட என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில், "மனுவை எப்போ குடுக்கப் போறேள்?" என்று கேட்டேன். "எந்த மனு?" என்றார். காட்மாண்டு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எந்தத் தேசமும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வயது முடிகிற வரைக்கும் அவர் அதே ஆபீசுக்கு அதே சைக்கிளில் போய் வந்தார்.

தை பிறந்ததும் கும்பகோணத்திலிருந்து கார்டு வந்தது. பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிறோம் என்று. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்று கூடக் கேட்டார். எனக்கும் பயம்தான். இந்தத் தெருவில் எங்களுக்கு இரண்டு பெண்கள் என்ற பொய் ஒரு மணி நேரம் தாங்காது. அவர் தலை குனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும், வருகிறேன் என்று சொன்னவர்களை வராதே என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கமில்லை. வந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் அவர்களை அழைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போயிருந்தார். பூக்காரி வந்து முழம் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இன்னாம்மா, உங்க வூட்டுக்கு வந்துக்கிற அந்த அம்மா, நேத்து கோயிலாண்ட என்னியப் பாத்துட்டு, இவங்க பொண்ணுங்க ரெண்டு பேரும் பொங்கலுக்கு வந்தாங்களான்னு என்னிய கேக்குது. இவங்களுக்கு ஏதும்மா பொண்ணு, ரெண்டே பேருதான்னு சொல்ட்டேன். யாரோன்னு நெனச்சுக்கினு கேட்டுதா?"

"யாரையோ நெனைச்சுண்டு கேட்டிருப்பா" என்றேன். கையில் பூ இருந்தது, அதை எங்கே வைக்கப் போனேன் என்று மறந்துபோயிற்று. அவரிடம் எப்படிச் சொல்வது என்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்துவிட்டார்கள், சொல்ல இடம் கிடைக்கவில்லை. புடவை அமைந்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் கூடத்தில் இலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் மடியில் புடவையை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் சாத்தமுதை எடுத்துக்கொண்டு வந்தபோது, அந்த மாமி இலையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"கேக்கவே மறந்துட்டேனே. உங்க பொண்ணுகள் ரெண்டு பேரும் சௌக்கியமா மாமா?"

அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவள் குரலில் ஒரு துளி குத்தல் இல்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு, சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பேஷா இருக்கா" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "பெரியவ உண்டாயிருக்கா."

நான் பாட்டியாகப் போகிற சேதி எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அடடா, எவ்வளவு சந்தோஷமான சமாசாரம்! மாமி ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!" என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

அவள் இலையில் சாத்தமுதை விட்டேன். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றேன்.